ஓசிக் கரண்டு

போடிநாயக்கனூர்,
மாசி, வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மனைவி மகாராணி எழுதுவது. இங்கே நானும் நிலாவும் அத்தையும் சுகம். நீங்கள் ஸ்வீடனில் சுகமாக இருப்பது போன வாரம் அனுப்பிய படத்திலேயே தெரிந்தது. பனியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தீர்கள். அத்தை அந்தப் படத்தைத் தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்தார்கள். "எம் மகன் நிக்கிற எடத்துல தரையே தெரியல பாரு" என்று ஒரே பெருமை.

இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நான் என் அண்ணன் பேச்சை எடுத்தால் உடனே உங்களுக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. செய்தி அனுப்பினால் நீலக் குறி விழுகிறது, பதில் விழுவதில்லை. காகிதத்தை நீங்கள் மடித்து வைத்துவிடலாம். ஆனாலும் உங்கள் வீட்டுக்குள்தானே எங்காவது கிடக்கும். எனக்கு அது போதும்.

நிலாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் அப்பா பெயர் என்ன என்று கேட்டால் 'ராம்பிரதாத்' என்கிறாளாம். டீச்சர் சிரித்துச் சிரித்துச் சொன்னார்கள். அத்தைக்கு முழங்கால் வலி இருக்கிறது, ஆனால் கோயிலுக்குப் போகும்போது மட்டும் வருவதில்லை. கடையில் எனக்கு வேலை குறைவு. பருவம் முடிந்து ஏலக்காய் வரத்து நின்றுவிட்டது. தரம் பிரிக்கிற மேசையில் சும்மா உட்கார்ந்திருக்கிற நேரம்தான் அதிகம். சும்மா இருந்தால் நினைப்பு எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும்.

தங்கபாண்டி அண்ணனுக்கு இடது கையில் கட்டுப் பிரித்துவிட்டார்கள். கட்டை விரலும் சுண்டு விரலும் மட்டும் மிச்சம். மதினிதான் சாப்பாடு பிசைந்து கொடுக்கிறாள். வலது கை நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்டேன். "அது ஸ்டியரிங்கு பிடிச்ச கை ஆத்தா, சோத்துல வைக்க மனசு வரல" என்றான். இருபது வயதிலிருந்து போடிமெட்டுக்கு ஜீப்பு ஓட்டியவன். இப்போது வாசலில் ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுகிறான்.

வழக்கு கோர்ட்டுக்கு வந்துவிட்டது. கவனக்குறைவாக வண்டி ஓட்டி, காய் பறிக்கப் போன சுப்புத்தாயக்கா சாவுக்குக் காரணமானவன் என்று அண்ணன் மேல் வழக்கு. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில், "போனப் பாத்துக்கிட்டே ஓட்டுனானாம்" என்று பேசிக்கொள்கிறார்கள். உங்கள் கம்பெனி கோர்ட்டுக்குக் கொடுத்ததில், புறப்படும் முன் அவன் போனைப் பார்க்கவே இல்லை என்று இருக்கிறது. ஒரே ஆள், ஒரே போன். பார்த்ததும் அவன் குற்றம், பார்க்காததும் அவன் குற்றம்.

நீங்கள் போன பிறகு ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். அதனால் நடந்ததை நடந்தபடி நான் ஒரு தடவை எழுதுகிறேன். எங்கேயாவது தவறாக எழுதியிருந்தால் திருத்துங்கள்.

நீங்கள் முதன்முதலில் அந்தப் பெட்டியைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்த நாளில் நானும் கூட வந்திருந்தேன். உள்ளங்கை அளவு வெள்ளைப் பெட்டி, அதன் மேல் இலை மாதிரி ஒரு செம்புத் தகடு. டவருக்குக் கீழே நின்று, கம்பியும் இல்லாமல் பேட்டரியும் இல்லாமல் ஒரு பொட்டு விளக்கை எரிய வைத்தீர்கள். காய் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் கூடைகளை இறக்கிவிட்டுச் சுற்றி நின்றார்கள். "டவர்லருந்து அலை எல்லாப் பக்கமும் சிந்திக்கிட்டே இருக்கு. போனு எடுக்குறது கொஞ்சந்தான். மிச்சமெல்லாம் மரத்துலயும் பாறையிலயும் முட்டி வீணாப் போவுது. அதத்தான் இது பொறுக்குது" என்று சொன்னீர்கள். சுப்புத்தாயக்கா, "களத்துல செதறுன காயப் பொறுக்குற மாதிரியா தம்பி?" என்று கேட்டாள். அதேதான் அக்கா என்றீர்கள். அண்ணன், "அப்ப ஓசிக் கரண்டுன்னு சொல்லுங்க மாப்ளே" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். உங்களை நான் அன்றைக்குப் பார்த்த மாதிரி கல்யாணத்தன்று கூடப் பார்த்ததில்லை. அவ்வளவு அழகாக இருந்தீர்கள்.

டவரைச் சுற்றியுள்ள சரிவில், ஜீப்பு ரோட்டை ஒட்டி அந்தப் பெட்டிகளை நட்டீர்கள். மண் சரியுமா என்று அறிய, அதில் ஈரம் எவ்வளவு, பெட்டியை மாட்டி நட்ட குச்சி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்ப்பது அவற்றின் வேலை. சொட்டுச் சொட்டாகக் கரண்டைச் சேர்த்து, போதுமான அளவு சேர்ந்ததும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மறுபடி தூங்கிவிடும் என்றீர்கள். அந்த வார்த்தை அண்ணன் போனில் நிறமாக வரும். பச்சை என்றால் போகலாம், மஞ்சள் என்றால் யோசிக்க வேண்டும், சிவப்பு என்றால் போகக் கூடாது.

அதற்கு முன்பெல்லாம் மழை வலுத்தால் ஊற்று வளைவுக்கு முன்னாலேயே பெண்கள் எல்லாரும் ஜீப்பிலிருந்து இறங்கிவிடுவார்கள். அண்ணன் வெறும் வண்டியை ஓட்டிக் கடப்பான். அவர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நடந்து வந்து மறுபடி ஏறுவார்கள். பெட்டி வந்த பிறகு கங்காணி மாசானம், "அதான் மெசினு பாக்குதுல்ல, எறங்கி ஏறி நேரத்த வீணாக்காதீங்க, வெரசா வாங்க" என்று சொல்லிவிட்டார். நீங்களும் அண்ணனிடம் சொன்னீர்கள். எங்கள் வீட்டு விருந்தில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னீர்கள். "பச்சையா இருந்தா யோசிக்காமப் போங்க மச்சான்."

ஆவணியில் உங்கள் கம்பெனிக்காரர் பிரதீப் பெங்களூரிலிருந்து நம் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். நான்தான் பரிமாறினேன். நீங்கள் இருவரும் பாதி ஆங்கிலத்தில் பேசினாலும் எனக்குப் புரிந்தது. டவர் நின்றுவிட்டால் பெட்டிகளுக்கும் சாப்பாடு கிடையாது, அவையும் நின்றுவிடும், ஆனால் போனில் கடைசியாக வந்த நிறம் அப்படியே நிற்கும் என்று நீங்கள் சொன்னீர்கள். அந்த நேரத்தில் சாம்பல் நிறம் காட்ட வேண்டும், இல்லையென்றால் பெட்டிக்குள் ஒரு சின்ன பேட்டரியாவது வைக்க வேண்டும் என்றீர்கள். அதற்கு அவர், "பேட்டரி வச்சா நம்ம பெட்டிக்கும் ஊர்ல விக்கிற பெட்டிக்கும் என்ன வித்தியாசம் ராம்?" என்று கேட்டார். வெளிநாட்டுக்காரர்கள் பார்க்க வருகிறார்கள், திரையில் சாம்பல் தெரிந்தால் நன்றாக இருக்காது, அவர்கள் வந்துபோன பிறகு பார்க்கலாம் என்றும் சொன்னார். நீங்கள் சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டீர்கள்.

வெளிநாட்டுக்காரர்கள் வந்து போனார்கள். சாம்பல் நிறம் வரவில்லை. ஐப்பசி மழைதான் வந்தது.

விபத்துக்கு முதல் நாள் சாயங்காலமே காற்றில் மரம் விழுந்து மலைக்குக் கரண்டு போய்விட்டது. டவர் கொஞ்ச நேரம் தன் பேட்டரியில் ஓடிவிட்டு நின்றது. அது நின்றதும் உங்கள் பெட்டிகளும் ஒவ்வொன்றாக நின்றன. பிறகுதான் மழை கொட்டியது. விடிந்ததும் அண்ணன் ராசிங்காபுரத்தில் பெண்களை ஏற்றிக்கொண்டு, போடிமெட்டில் வண்டியை நிறுத்தி, அங்கே வேறு டவரின் சிக்னல் இருந்ததால் போனைப் பார்த்தான். பச்சை. முதல் நாள் மழைக்கு முன்னால் வந்த பச்சை அது. அவனுக்கு எப்படித் தெரியும்? ஊற்று வளைவில் மேட்டு மண் மொத்தமாக இறங்கி வண்டியைப் புரட்டியது. அண்ணன் இடது கை அதில் நசுங்கியது. மற்ற பெண்கள் தெறித்து விழுந்து மரங்களைப் பிடித்துத் தப்பித்தார்கள். சுப்புத்தாயக்கா வண்டிக்கு அடியில் கிடந்தாள்.

நீங்கள் ஓடி வந்தீர்கள். தேனி ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுததை நான் பார்த்தேன். அந்த அழுகை பொய் இல்லை, எனக்குத் தெரியும். அதனால்தான் இன்றைக்கு வரைக்கும், ஆவணியில் கேட்டதை நான் யாரிடமும் வாய் திறந்து சொல்லவில்லை. கார்த்திகையில் உங்கள் கம்பெனி ஸ்வீடன்காரர்களோடு சேர்ந்தது, நீங்களும் போனீர்கள். போவதற்கு முன்னால் நீங்கள் ஒரு வாக்குமூலம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள் என்பது, போன வாரம் வக்கீல் படித்துக் காட்டியபோதுதான் எனக்குத் தெரிந்தது. பெட்டிகள் சரியாக வேலை செய்தன, ஓட்டுநர் நிறத்தைப் பார்க்காமல் புறப்பட்டார் என்று அதில் இருக்கிறது. கீழே உங்கள் பெயர். அண்ணன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். "வேற எந்த ராம்பிரசாத்தோ" என்று வக்கீலிடமே சொன்னான்.

மாமா, நான் உங்களைக் குற்றவாளி ஆக்கப் பார்க்கவில்லை. நீங்கள் நேரில் வர முடியாது என்றால் அங்கிருந்தே வீடியோவில் பேசலாம், கோர்ட்டில் அனுமதி வாங்கிவிடலாம் என்று வக்கீல் சொல்கிறார். டவர் நின்றால் பச்சை அப்படியே நிற்கும் என்று சொல்லுங்கள். 'எனக்கு அது தெரிந்திருந்தது, நான் சொல்லியும் கம்பெனி கேட்கவில்லை' என்று சொல்லுங்கள். இரண்டும் உண்மைதானே. சித்திரையில் வாய்தா இருக்கிறது.

நிலா உங்களுக்கு ஒரு படம் வரைந்திருக்கிறாள், கூட வைத்திருக்கிறேன். குளிர் காதில் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மனைவி,
மகாராணி.


போடிநாயக்கனூர்,
பங்குனி.

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நிலாவுக்கு நீங்கள் அனுப்பிய பனிக்கோட்டு வந்து சேர்ந்தது. பங்குனி வெயிலில், மத்தியானத்தில், அதைப் போட்டுக்கொண்டுதான் தெருவில் நடக்கிறாள். கழற்றச் சொன்னால் அழுகிறாள். வியர்வையில் நனைந்து வேர்க்குருவோடு வருகிற பிள்ளையை என்ன சொல்லித் திட்டுவது? அப்பா வாங்கிக் கொடுத்தது அவளுக்கு.

என் கடிதத்துக்குப் பதிலாக நீங்கள் அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். "மகா, எதையும் எழுத்துல வைக்காத. வக்கீலு சொல்லிருக்காரு. அண்ணனுக்கு ஆகவேண்டியத நான் வேற வழியில பாத்துக்கிறேன்." இவ்வளவுதான். அதில் என் அண்ணன் கை எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை. மறந்திருப்பீர்கள் என்று நினைத்து இரண்டாவது தடவையும் கேட்டேன்.

நீங்கள் சொன்ன வேறு வழி என்ன என்று மறுநாள் தெரிந்தது. பிரதீப் எனக்குப் போன் செய்தார். மிகவும் மரியாதையாகப் பேசினார். அண்ணனுக்கு நல்ல செயற்கைக் கை வைத்துத் தர முடியும், அதற்கு இந்த வழக்கு அமைதியாக முடிய வேண்டும் என்றார். எப்படி அமைதியாக என்று கேட்டேன். அண்ணன் ஒப்புக்கொண்டால் நீதிபதி இரக்கம் காட்டுவார், விசாரணை என்று நீண்டால் ராமுக்குத்தான் கஷ்டம், ஸ்வீடனிலிருந்து திரும்ப வேண்டிவரும் என்றார். சாவு விழுந்த வீட்டில் வந்து பேசுகிறவர்கள் கூட இவ்வளவு மெதுவாகப் பேச மாட்டார்கள். உங்களுக்குத் தெரிந்துதான் அவர் பேசினாரா? தெரியாது என்று நீங்கள் சொன்னால் நம்பத் தயாராக இருக்கிறேன். சொல்லுங்கள்.

கடையில் சாப்பாட்டு இடைவேளையில் ஒரு செய்தி படித்தேன். காற்றிலிருந்து மின்சாரம் எடுக்கும் பெட்டி, மலைக்கிராமங்களின் உயிர்க்காவலன் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். வேறு ஏதோ மலையில் நட்டிருக்கிறார்களாம். பிரதீப் படம் இருந்தது, பக்கத்தில் நீங்கள். நம் மலையைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்த மலையிலும் ஒரு ஜீப்பு ஓடும், அதை ஓட்டுகிறவனுக்கும் ஒரு தங்கச்சி இருப்பாள். சாம்பல் நிறத்தையாவது போட்டுவிட்டீர்களா? இதை ஒரு மனைவியாகக் கேட்கவில்லை. அந்த ரோட்டில் போகிற யாராக இருந்தாலும் கேட்கிற கேள்வி இது.

பிரதீப் சொன்னதை நான் அண்ணனிடம் சொல்லவில்லை. எப்படியோ அவனுக்குத் தெரிந்துவிட்டது. நேற்று வீட்டுக்கு வந்தான். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று, "மாப்ளைக்குத் தொந்தரவு குடுத்து எதுவும் எழுதாத ஆத்தா. அவரு அங்கிட்டுத் தனியாக் கெடக்காரு" என்றான். உங்களுக்காக அவன் பேசுகிறான். அவனுக்காக நீங்கள் பேசும் நாள் சித்திரையில் இருக்கிறது. தேதியைப் போனில் அனுப்பியிருக்கிறேன். நீலக் குறி விழுந்துவிட்டது.

அத்தை உங்களுக்கு ஆசி சொல்லச் சொன்னார்கள். வாருங்கள் மாமா. வர முடியாவிட்டால் பேசுங்கள்.

இப்படிக்கு,
மகாராணி.


ராசிங்காபுரம் ரோடு,
போடிநாயக்கனூர்,
வைகாசி.

நிலாவின் அப்பாவுக்கு,

மகாராணி எழுதிக்கொண்டது. நலம்.

மேலே விலாசம் மாறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நானும் நிலாவும் இப்போது அண்ணன் வீட்டில் இருக்கிறோம். மதினிக்குத் துணை வேண்டியிருக்கிறது. அத்தைக்கு வேண்டிய மருந்தெல்லாம் வாங்கி வைத்துவிட்டுத்தான் வந்தேன். பக்கத்து வீட்டில் சொல்லியும் வைத்திருக்கிறேன். தினமும் போய்ப் பார்க்கிறேன், கவலைப்பட வேண்டாம்.

வாய்தா அன்று காலையில் வக்கீல் அண்ணனிடம் எவ்வளவோ சொன்னார். கம்பெனி சொல்வதை உடைக்கலாம், டவர் எப்போது நின்றது என்று கேட்டு வாங்கலாம், அண்ணன் போடிமெட்டில் போனைப் பார்த்ததற்கு டீக்கடைக்காரர் சாட்சி சொல்லத் தயார் என்றார். அண்ணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். கூண்டில் ஏறி நீதிபதி கேட்டதும், "பாக்காமத்தான் ஓட்டுனேன் ஐயா. தப்பு எம் மேல" என்றான். வக்கீல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் எழுந்தேன், என்ன சொல்ல எழுந்தேனோ தெரியவில்லை. அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் மறுபடி உட்கார்ந்தேன். ஆறு மாதம் சிறை. லைசென்சும் ரத்து. மூன்று விரல் இல்லாத கையைப் பார்த்துக்கொண்டே நீதிபதி அதையும் படித்தார், படித்துத்தானே ஆக வேண்டும்.

கூட்டிப் போவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் பேச விட்டார்கள். ஏண்டா இப்படிச் செய்தாய் என்று அவனை அடிக்காத குறைதான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"மாப்ள பேர நான் கோர்ட்டுல இழுத்தா நாளைக்கு நிலாப் பிள்ள யார அப்பான்னு சொல்லும்? நீ எங்க போயி நிப்ப? அது ஒண்ணு. இன்னொண்ணு ஒனக்குத் தெரியாது ஆத்தா. அன்னைக்கு வளைவுக்கு முன்னால சுப்புத்தாயக்கா கேட்டுச்சு. தம்பி, மழ பேஞ்சிருக்கே, எறங்கி நடக்கவான்னு. நாந்தான் போன நீட்டிக் காட்டி, பச்சதான் அக்கா, பேசாம ஒக்காருங்கன்னேன். அந்த வார்த்தைய மாப்ளயா சொன்னாரு? என் வாயிதான சொல்லுச்சு."

இதைச் சொல்லும்போது அவன் அழவில்லை. ஆஸ்பத்திரியில் நீங்கள் அழுதீர்கள். யார் அழுதார்கள் என்பதை வைத்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது என்று இப்போது புரிகிறது.

விஷயம் தெரிந்ததும் அத்தை, "ஒங்க அண்ணன் என் வயித்துல பால வார்த்துட்டான் மகாராணி" என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போய் விளக்குப் போட்டார்கள். திரும்பி வந்து பாயசம் வைத்தார்கள். எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றி வைத்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, பெற்றவர்கள். ஆனால் அந்த டம்ளருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது, இந்த வீட்டில் இனி எனக்கு வாய்க்கு எதுவும் இறங்காது என்று தெரிந்தது. அன்று சாயங்காலமே நிலாவைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டேன்.

கோர்ட்டு வாசலில் இன்னொன்றும் நடந்தது. சுப்புத்தாயக்கா மகள் முத்துப்பிரியா வந்திருந்தாள். தேனியில் நர்சிங் படிக்கிறாளே, அவள்தான். அண்ணனை வேனில் ஏற்றும்போது பக்கத்தில் போய், "ஒனக்கு இது பத்தாது" என்று சொன்னாள். கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். அண்ணன் அவளைக் கும்பிட்டான். மிச்சமிருக்கிற இரண்டு விரலையும் வலது கையோடு சேர்த்துக் கும்பிட்டான். அவள் காறித் துப்பிவிட்டுத் திரும்பிப் போனாள்.

அது எனக்குப் பொறுக்கவில்லை. அண்ணன் உங்களைக் காப்பாற்றியது அவன் இஷ்டம், அவன் உயிர், அவன் கை. ஆனால் தாயைப் பறிகொடுத்த ஒரு பெண் காலம் பூராவும் தப்பான ஆளை வெறுத்துக்கொண்டு வாழ வேண்டும் என்று தீர்ப்பு எழுத அவனுக்கும் உரிமை இல்லை, உங்களுக்கும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ராசிங்காபுரத்தில் அவள் வீட்டுக்குப் போனேன்.

முதலில் வீட்டுக்குள் விட மாட்டேன் என்றாள். வெளியில் நின்றே சொன்னேன். ஆவணியில் நம் வீட்டுச் சாப்பாட்டு இலைக்கு முன்னால் நான் கேட்டது, டவர் நின்றது, பச்சை நின்றது, அவள் அம்மா இறங்கவா என்று கேட்டது, அண்ணன் போனைக் காட்டியது, உங்கள் வாக்குமூலம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். உங்களுக்குச் சாதகமானதையும் விடவில்லை. சாம்பல் நிறம் வேண்டும் என்று நீங்கள்தான் முதலில் கேட்டீர்கள் என்றும் சொன்னேன்.

பிறகு அவள் சொன்னதுதான் என்னை உடைத்துவிட்டது. "அந்த பல்பு எரிஞ்ச அன்னைக்கு எங்கம்மா வேலவிட்டு வந்து சோறுகூட ஆக்கல அக்கா. கம்பியே இல்லாம எரியுது பாப்பா, நம்ம ஊருப் பையந்தான் கண்டுபிடிச்சிருக்கான், நீயும் அந்த மாதிரிப் படிக்கணும்னு ராத்திரி பூரா அதையே பேசிக்கிட்டுக் கெடந்துச்சு" என்றாள்.

கம்பெனி மேல் வழக்குப் போடப் போகிறாயா, நான் சாட்சி சொல்ல வருகிறேன் என்றேன். அவள் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. சாட்சி சொல்லத் தயாராக இருக்கிறேன் என்பதை உங்களுக்கும் தெரிவித்துவிடுகிறேன். மறைத்துச் செய்ய எனக்கு வராது. வக்கீலிடமும் சொல்லிவிட்டேன். இதை நீங்கள் பிரதீப்பிடம் காட்டிக்கொள்ளலாம், எழுத்தில்தான் இருக்கிறது.

நான் கிளம்பும்போது முத்துப்பிரியா உங்கள் விலாசம் கேட்டாள். எதற்கு என்றேன். "அவருகிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றாள். என்ன கேட்பாள் என்று நான் கேட்கவில்லை. அவளுக்கும் உங்களுக்கும் நடுவில் நான் எதற்கு? எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அவள் கடிதம் இதற்கு முன்னாலோ பின்னாலோ உங்களுக்கு வந்து சேரும். எனக்குப் பதில் போடாமல் இருந்தது போல அவளுக்கும் இருந்துவிடாதீர்கள். என்ன எழுதுவது என்று யாரிடமும் யோசனை கேட்காதீர்கள். இங்கே இருந்தபோது உங்கள் கையெழுத்து நன்றாக இருக்கும், உங்கள் கையாலேயே எழுதுங்கள். படிக்கிற பிள்ளை, பாதிப் பொய் சொன்னாலும் கண்டுபிடித்துவிடும். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அது போதும்.

நிலா தூங்கிவிட்டாள். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நன்றாகச் சாப்பிடுங்கள், நன்றாகத் தூங்குங்கள். தூக்கம் வர வேண்டும் என்று உங்களுக்காகச் சாமி கும்பிடுகிறேன். அது வருகிற வழி எது என்று உங்களுக்கே தெரியும்.

இப்படிக்கு,
நிலாவின் அம்மா,
மகாராணி.